பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

என் அப்பா இராமையா கணினி வேண்டும் என்று கேட்டதில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகத்தில் ஒதுக்கிய பழைய லேப்டாப். அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது.

இப்போது அப்பாவும் இல்லை. செப்டம்பரில் போய்விட்டார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவருக்காக நான் செய்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் எழுத வருகிறது. அதை எழுதாமல் மற்றதை எழுத முடியவில்லை.

மலை ஊரான ரிங்லெட்டிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டரில் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கடைசிக்கு முந்தைய வீடு அப்பாவுடையது. கடைசி வீட்டில் மணியம்மா அத்தை. உறவு இல்லை; அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. மற்ற வீடுகளில் வங்காளதேசத்திலிருந்து வந்த இளைஞர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் வீடுகள் சும்மா கிடந்ததால் இந்த இருவரையும் நிர்வாகம் எழுப்பவில்லை.

லயத்துக்குள் கைப்பேசி வேலை செய்யாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால் இரண்டு கோடு காட்டும். வேலையாட்களுக்காகத் தோட்ட ஆபீசிலிருந்து வைஃபை இழுத்திருந்தார்கள். அதை நம்பித்தான் லேப்டாப்.

நான் கோலாலம்பூரில் இணையப் பக்கங்கள் வடிவமைக்கும் வேலை செய்கிறேன். எங்கே எதை வைத்தால் மனிதர் எதை அழுத்துவார் என்பது என் தொழில். அப்பாவிடம் லேப்டாப்பைக் கொடுத்தபோது அதை யோசிக்கவில்லை. உலாவியில் மேலே இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினால் புதிய டேப் திறக்கும் என்று மட்டும் காட்டிவிட்டு வந்தேன். அந்தப் பக்கம் எல்லோருக்கும் வருகிற பக்கம். தேடல் பெட்டி. அதன் கீழே யாரோ ஒரு நடிகையின் விவாகரத்து, மூன்றே நாளில் சர்க்கரை நோய்க்குத் தீர்வு. அப்பா சர்க்கரையை அழுத்தினார். உங்கள் கணினியில் வைரஸ் என்று திரை முழுக்கச் சிவப்பில் வந்தது.

இரண்டு வாரம் கழித்து நான் போனபோது லேப்டாப் துண்டு சுற்றி மூலையில் இருந்தது.

"கொல்லப்பக்கம் வச்சிரலாம்னுதான் பாத்தேன். மழையில நனையும்னு மணியம்மா விடல."

"அந்த வைரஸ் மனுசனுக்கு ஒட்டாதுப்பா."

"உனக்கென்ன, நீ கேஎல்ல இருக்க. அது என்னோடல்ல ஒரே வீட்ல இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. "அண்ணன் ரெண்டு நாளா கை கழுவிட்டே இருந்தாரு தனு!"

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். புதிய டேப்பில் வரும் பக்கத்தை அவருக்கென்று நானே செய்வது. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது மட்டும் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பயன்படுத்தப்போகிறவரிடம் கேள்வி கேட்பதற்கு முன் அவரைச் சும்மா இருந்து கவனிக்க வேண்டும். இரண்டு நாள் கவனித்தேன். அப்பா ஐந்து மணிக்கு எழுவார். பால் இல்லாத கோப்பி-ஓ போடுவார். ஐந்து ஐம்பதுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். எதற்கும் இல்லை. நின்றுவிட்டு உள்ளே போவார்.

அது பெரட்டு நேரம். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். கணக்கெழுதும் கிராணி பெயர்ப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். வந்தவர் குரல் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு கோடு விழும். குரல் வராவிட்டால் சிவப்பு வட்டம். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள்; வேலை போனாலும் போகும். அப்பா பதினேழு வயதில் பெயர் பதிந்தார். நாற்பத்து மூன்று வருடம். புல் வெட்டினார், மருந்து அடித்தார், கடைசியில் இரண்டு பேர் பிடித்து நடக்கும் கொழுந்து வெட்டும் மெஷினில் ஒரு பக்கம் பிடித்தார். கங்காணி ஆகவில்லை. கேட்கவும் இல்லை. தோட்டத்தில் அவரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு கதைதான் உண்டு.

மணியம்மா அத்தையின் மறைந்த கணவர் தங்கராஜு மாமா ஒரு முறை சரிவில் உர மூட்டையோடு விழுந்து கையை முறித்துக்கொண்டார். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு சிவப்பு. மறுநாள் பெரட்டில் கிராணி "இராமையா" என்றார். அப்பா "இருக்கேன்" என்றார். பிறகு கிராணி "தங்கராஜு" என்றார். அப்பா தொண்டையைக் கொஞ்சம் கட்டையாக்கி மறுபடியும் "இருக்கேன்" என்றார். பதினோரு நாள் இப்படி. அந்தப் பதினோரு நாளும் மாமாவின் வரிசையையும் சேர்த்து வெட்டினார். துரைக்குத் தெரியாது. கிராணிக்குத் தெரியும், புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. அந்தக் கட்டைக் குரலை அம்மா நன்றாகச் செய்து காட்டுவார். செய்யும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்பாவுக்கான பக்கத்தின் முதல் வடிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள் வைத்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா, கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி இருக்கு. உபயதாரர் பேரு எங்க?"

பன்னிரண்டு ஆறாயிற்று. ஆறு நான்காயிற்று. தேதியும் கிழமையும். ரிங்லெட் மழை. தாப்பா சாலை திறந்திருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா. அடுத்த கிளினிக் தேதி. எழுத்து பெரியது, கறுப்பு. பின்னால் வெறும் வெள்ளை. மேலே "இராமையா, வணக்கம்" என்று ஒரு வரி.

"கோலா தெர்லா மழையையும் போடு" என்றார்.

"அங்க நமக்கு யாருமில்லையேப்பா."

"ஆளு இருந்தாத்தான் மழ பெய்யுமா?"

அதையும் போட்டேன். ஐந்து.

ஆறாவதாக ஒன்றை எனக்காக வைத்தேன். வலப்பக்க மூலையில் ஒரு சிறிய புள்ளி. அவர் பக்கத்தைத் திறந்ததும் அது பச்சையாகும். அதே நேரம் என் கைப்பேசியிலும் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். காலை ஒன்பது மணிக்குள் திறக்காவிட்டால் இரண்டும் சிவப்பு. செய்தி யாருக்குப் போகிறது என்று தெரிவதற்காகப் புள்ளிக்குப் பக்கத்தில் "தனுஜா" என்று என் பெயரை எழுதினேன். எங்கள் தொழிலில் அது சாதாரணம். பெறுபவரின் பெயரை எழுதுவோம்.

அப்பாவுக்குக் காட்டினேன். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். பெயரைப் பார்த்தார். புள்ளியைப் பார்த்தார்.

"தெனமும் ஒரு தடவ தொறந்துருங்கப்பா. தொறக்கலன்னா ஒம்போது மணிக்குச் செவப்பாயிடும்."

"செவப்பா?"

"ஆமா. மறந்துராதீங்க."

"அத மறப்பனா."

மறக்கவில்லை. மறுநாளிலிருந்து ஐந்து ஐம்பதுக்குப் பச்சை. ஐந்து நாற்பத்தொன்பது, ஐந்து ஐம்பத்தொன்று. என் அலாரத்துக்கு முன்னாலேயே அப்பாவின் புள்ளி வந்துவிடும். அம்மா போனபிறகு நான் தினம் இரண்டு முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றால்தான் பேச முடியும். மழையில் நிற்பார். புள்ளி வந்தபிறகு அது தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினோம். அவர் மழையில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். அது உண்மைதான். எனக்கும் வசதியாக இருந்தது என்பதும் உண்மை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிக்குச் சிவப்பு.

கூப்பிட்டேன். இணைப்புக் கிடைக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அலுவலகத்திலிருந்து இறங்கி வண்டியை எடுத்தேன். மூன்றரை மணி நேரம். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் வளைவுகளில் எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார். "திருச்செல்வம் லோரி விடியமுன்ன பிரிஞ்சாங் போச்சு. நாத்து வாங்கலாம்னு ஏறிட்டேன். இப்பத்தான் வந்தேன்."

நான் கத்தினேன். இன்றைக்கு மீட்டிங், லீவுகூடச் சொல்லவில்லை, இப்படிச் சிவப்பு விழுந்தால் என் வேலை போய்விடும், என்ன செய்வேன் என்றெல்லாம் கத்தினேன். அழுதேன். மணியம்மா அத்தை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்தார். தனுஜா. பக்கத்தில் சிவப்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத அழிக்க முடியாதாம்மா?"

"முடியாதுப்பா. இன்னைக்கு நாள் போச்சு."

எனக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தார். நான் கிளம்பும்போது காரின் கண்ணாடிக்கருகே குனிந்தார்.

"இனிமே விழாது" என்றார்.

விழவில்லை. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். எல்லாம் பச்சை.

செப்டம்பர் இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை பேசியபோது இருமினார். "மழ. சளி புடிச்சிருக்கு. எல்லாருக்கும் புடிச்சிருக்கு" என்றார். இரண்டு நிமிடம்தான் பேசினார். மழையில் நிற்கிறாரே என்று நானும் சீக்கிரம் வைத்தேன். அடுத்த நாள் காலை பச்சை. அதற்கடுத்த நாளும் பச்சை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். மலாயில் பேசினார். இராமையாவின் மகளா என்று கேட்டார். காலையில் கொண்டுவந்தார்கள், நுரையீரலில் சளி கட்டி முற்றிப்போயிருந்தது, பத்து மணிக்கு இறந்துவிட்டார் என்றார். நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் புள்ளியைப் பார்த்தேன். மறுபடி காதில் வைத்தேன்.

"இல்லையே. இன்னைக்குக் காலையில தொறந்திருக்காரே" என்றேன். அவரிடம் தமிழில் சொன்னேன்.

அடக்கம் முடிந்து கோலாலம்பூர் திரும்பிய பிறகு சர்வரில் இருந்த பதிவுகளைப் பார்த்தேன். திறந்த நேரம் எல்லாம் அங்கே இருந்தது. பதினைந்து மாதம், மார்ச்சில் அந்த ஒரு நாள் தவிர, ஐந்து ஐம்பதை ஒட்டியே இருந்தது. கடைசிப் பத்து நாள் அப்படி இல்லை. ஏழு இருபது. ஏழு முப்பத்தைந்து. எட்டு ஐந்து. ஏழு பத்து. திறந்தது அப்பா இல்லை. நேரத்தைப் பதிவு செய்யச் சொல்லி எழுதியது நான். அதை என் கைப்பேசியில் காட்டச் சொல்லி எழுதவில்லை. நிறம் போதும் என்று நினைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தோட்டத்துக்குப் போனேன். மணியம்மா அத்தையிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று போனேன். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பத்து நாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் மூச்சு விட முடியாமல் கிடந்திருக்கிறார், நீங்கள் எனக்குச் சொல்லாமல் பச்சை போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஏன்?

காரியம் முடிந்து வந்தவர்கள் போனபின் அத்தை வந்தார். லேப்டாப்பைக் கையில் எடுத்து வந்தார். துண்டு சுற்றியிருந்தது.

"எங்கிட்டதான் இருந்துச்சு. வச்சுக்க."

"கடைசி பத்து நாள் நீங்கதான் தொறந்தீங்களா அத்தே?"

"ஆமாம்மா." குரலில் ஒரு பெருமை இருந்தது. "எனக்கென்ன எழுத்தா தெரியும். அண்ணன்தான் படுத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தாரு. மூடியத் தூக்கு, கலர் வட்டத்த அமுக்கு, கூட்டல் குறிய அமுக்கு. மொத நாளு அரை மணி நேரம் ஆச்சு. 'நீ பெரட்டுக்குப் போயிருந்தா இந்நேரம் லோரி போயிருக்கும்'னு கிண்டல் வேற. காய்ச்சல்லயும் அவரு வாயி!"

"அவருக்கு எத்தனை நாளா காய்ச்சல்?"

"அந்தப் பத்து நாளும்தான். எந்திரிக்க முடியல. ஞாயித்துக்கெழம மட்டும் எம்மேல சாஞ்சுக்கிட்டே தொட்டிவரைக்கும் நடந்தாரு, உங்கிட்ட பேசணும்னு. கிளினிக் போலாம் அண்ணேன்னேன். மழ விடட்டும்னாரு. தனுவுக்குச் சொல்லட்டுமான்னேன். வேணாம்னுட்டாரு."

"ஏன்?"

அத்தை என்னைப் பார்த்தார். தெரிந்த விஷயத்தை ஏன் கேட்கிறாய் என்பது போல.

"ஒருக்கா உம்பேருக்குச் செவப்பு விழுந்துச்சில்ல. நீ வந்து அழுதியே, வேல போயிரும்னு. அன்னைலருந்து அவருக்குப் பயம்மா. நம்மளால புள்ள பேருக்குச் செவப்பு விழக் கூடாதுன்னு. அந்தப் பத்து நாளும் தெனம் காலையில அதத்தான் கேப்பாரு. 'போட்டியா மணியம்மா? பச்சையா?' பச்சதான் அண்ணேம்பேன். அப்பறந்தான் கஞ்சி குடிப்பாரு."

லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் யார் பெயருக்குப் பக்கத்தில் குறி விழுகிறதோ அது அவருடைய குறி. நாற்பத்து மூன்று வருடம் அப்பா பார்த்த புத்தகம் அது. என் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளியையும் வைத்துக் கொடுத்தேன். அவர் தவறாக எதையும் படிக்கவில்லை. நான் கோலாலம்பூரில் எங்கோ ஒரு பெரட்டில் நிற்கிறேன், இங்கிருந்து தனக்காக அல்ல, எனக்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டார். மார்ச் மாதம் நான் கத்தியது அதை உறுதி செய்தது.

"கடைசி நாளு வேன் வந்து நிக்குது" என்றார் அத்தை. "தூக்கி வச்சாச்சு. என்னைய ஏறவிடல அவரு. கையக் காமிக்கிறாரு, வீட்டுப் பக்கம். எனக்கு வெளங்கிருச்சு. ஓடிப்போயி அமுக்கிட்டு வந்துதான் ஏறுனேன்."

வியாழக்கிழமை. ஏழு பதினெட்டு. அந்தப் புள்ளி.

அத்தை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு, அவர் அன்று முழுக்கக் கேட்க நினைத்துக்கொண்டிருந்தது போல, மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சரியா விழுந்துச்சா தனு? ஒண்ணும் விட்டுப் போகலயே? எனக்கு அந்த நிறம் ஒழுங்காத் தெரியாது. கண்ணுல பொர."

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாயில் இருந்தது. அந்தப் புள்ளி எதற்கு என்று இப்போது சொன்னால் போதும். ஒரு நாள் அமுக்காமல் விட்டிருந்தால் நான் வந்திருப்பேன் என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு அந்தக் கடைசி வீட்டில் அவர் தனியாக இருந்து அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். எழுபது வயதில், கண்ணில் புரையோடு.

கைப்பேசியை எடுத்தேன். செப்டம்பர் மாதத்தைத் திறந்து, அந்தப் பத்து நாளை மட்டும் பெரிதாக்கி அவர் கண்ணுக்குக் கிட்டே பிடித்தேன்.

"எல்லாம் பச்சை அத்தே. ஒரு நாள்கூட விட்டுப் போகல."

அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பத்து வந்ததும் நிறுத்தினார்.

"எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் பதினோரு நாளு குடுத்தாரு" என்றார். "நான் பத்துதான் குடுக்க முடிஞ்சுது."

லேப்டாப்பைத் துண்டோடு காரில் வைத்துக்கொண்டு வந்தேன். அத்தை வாசலில் நின்றார். லயத்தில் வேறு யாரும் இல்லை; இளைஞர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் தினமும் காலை ஒன்பது மணிக்கு என் கைப்பேசியில் சிவப்பு விழுந்தது. நான் எழுதிய நிரல், நிறுத்தும்வரை ஓடும். நிறுத்த ஒரு வரி போதும். அந்த வரியை எழுதவில்லை. மீட்டிங்கில் இருக்கும்போது விழும். லிஃப்டில் விழும். பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். இருபது நாளுக்கு மேல் அப்படிப் போயிற்று.

நேற்று வேலை முடிந்து வந்து அந்தப் பக்கத்தின் கோப்பைத் திறந்தேன். புள்ளிக்குப் பக்கத்தில் "தனுஜா" என்று இருந்த இடத்தில் "இராமையா" என்று மாற்றினேன். முதலிலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வேறெதையும் தொடவில்லை.

இன்று காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கோப்பி-ஓ போட்டேன். லேப்டாப்பை மேசையில் வைத்து மூடியைத் தூக்கினேன். உலாவியின் கலர் வட்டத்தை அழுத்தினேன். மணி ஐந்து நாற்பத்தெட்டு. இரண்டு நிமிடம் காத்திருந்து கூட்டல் குறியை அழுத்தினேன்.

இராமையா, வணக்கம். ரிங்லெட்டில் மழை. தாப்பா சாலை திறந்திருக்கிறது. அடுத்த கிளினிக் நவம்பர் பன்னிரண்டு. கோலா தெர்லாவிலும் மழை.

மூலையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விழுந்தது. மேசையின் அந்தப் பக்கம் இருந்த என் கைப்பேசி ஒரு முறை அதிர்ந்தது.